எந்த ஆபீஸ்?

முதலாமாண்டு வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு படிவம் கொடுப்போம். பெயர், ஊர், படித்த பள்ளி, வரும் பஸ், அப்பா தொழில், அம்மா தொழில். 2022இல் முதல் தலைமுறை மாணவர்களுக்கான திட்டப் பொறுப்பு என்னிடம் வந்த புதிதில் அந்தப் படிவங்களை மேசையில் குவித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். வெளி மாவட்டத்திலிருந்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஆசிரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்தைப் புரட்டினார். "பாதிப் பிள்ளைங்க அம்மாவுக்கு ஆபீஸ்ல வேலைன்னு எழுதியிருக்காங்களே மேம், அப்ப இவங்க எப்படி முதல் தலைமுறை?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் பிறக்காதவருக்கு அது தெரிய வழியில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆபீஸ் என்றால் தொழிற்சாலை. வெடியாபீஸ், தீப்பெட்டியாபீஸ். காலையில் தூக்குவாளியோடு வேனுக்கு ஓடுகிற பெண்ணிடம் "எங்கக்கா இம்புட்டு வேகமா?" என்று கேட்டால், "ஆபீஸுக்கு நேரமாச்சு தாயி" என்பார். என் அம்மாவும் ஆபீஸுக்குத்தான் போனார். தீப்பெட்டியாபீஸில் கட்டை அடுக்கும் வேலை. வரிப்பள்ளங்களில் குச்சி குச்சியாக அடுக்கி, ஒரு கட்டை முடிந்தால் அடுத்த கட்டை. கட்டைக் கணக்கில்தான் கூலி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருடைய கட்டைவிரல் நுனி வழுவழுவென்று இருக்கும். ரேகை பதியாத விரல் அது. ரேஷன் கடையில் கருவி வந்தபோதுதான் அதன் முழுப் பொருள் எனக்குப் புரிந்தது.

அந்த ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து, படிவத்தில் 'அம்மா தொழில்' என்பதன் கீழே 'எந்த ஆபீஸ்?' என்று எழுதிக் காட்டினார். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்தக் கேள்வி அச்சிலேயே வந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி வெளியே இரண்டு விதமாகப் பேசுவார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் வாங்குகிற மாவட்டம் என்பது ஒன்று. பல ஆண்டுகள் அப்படித்தான், 2023இலும் 97.85 விழுக்காட்டோடு விருதுநகர்தான் முதலில் நின்றது. இன்னொரு பேச்சு, 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து முன்னேற்றுவதற்காகப் போட்ட பட்டியல். தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். ஒரே மாவட்டம் தேர்ச்சியில் உச்சியிலும் வாழ்க்கையில் அடியிலும் எப்படி இருக்க முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் கல்லூரி வாசலில் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போக இங்குள்ள பள்ளிகளுக்குத் தெரியும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் தேர்வு, பரீட்சை மாதத்தில் விடிகாலை போன் போட்டு எழுப்பிவிடும் ஆசிரியர்கள். கல்லூரி வாசலுக்கு வந்ததும் அந்தக் கை விட்டுப்போகிறது. வீட்டிலும் பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை. அம்மாவும் அப்பாவும் வாசல் வரைக்கும்தான் வர முடியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாத உலகம்.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் அது 28.4. இந்த எண்ணை நானும் பெருமையாகத்தான் மேடையில் சொல்வேன். ஆனால் அது சேர்ந்தவர்கள் கணக்கு. முடித்தவர்கள் கணக்கை வகுப்பறையில் காலியாகும் பெஞ்சுகளில்தான் பார்க்க முடியும்.

திட்டத்தின் முதல் ஆண்டு நாங்கள் செய்தது பெரும்பாலும் தவறு. முதல் தலைமுறைப் பிள்ளை என்றதும் இங்கிலீஷ் வராது, கூச்சப்படும், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தோம். சனிக்கிழமை மதியம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தோம். முதல் வாரம் அறை நிறைந்தது. மூன்றாவது வாரம் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. அக்கறை இல்லாத பிள்ளைகள் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நானும் எதிர்த்துப் பேசவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஆபீஸில் சம்பள நாள். அம்மா சம்பளம் வாங்கி, குழுக் கடன் தவணை கட்டி, வாரச் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை தம்பி தங்கையைப் பார்க்கிறது, தண்ணீர் பிடிக்கிறது, சோறு வடிக்கிறது எல்லாம் மூத்த பிள்ளை. அந்த மூத்த பிள்ளைதான் எங்கள் மாணவி. நானும் அப்படி ஒரு மூத்த பிள்ளையாக இருந்தவள்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் நடந்ததுதான் எங்களைத் திருப்பிப் போட்டது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். பி.காம். முதலாமாண்டு. கணக்குப்பதிவியலில் நல்ல சூட்டிகை. இரண்டாம் செமஸ்டர் தொடங்கி பத்து நாளாகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. நானும் சக ஆசிரியையும் ஊருக்கே போனோம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகடு மாட்டும் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வரும்வரை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வந்தவள் எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"நான் ஃபெயிலாயிட்டேன்ல மேம். அப்புறம் எப்படி வாரது?"

ஒரு பாடத்தில் அரியர். ஒரே ஒரு பாடம். பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்றால் ஃபெயில்தான். அடுத்த வகுப்புக்குப் போக முடியாது. கல்லூரியில் ஒரு தாள் போனால் அதை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், அதுவரை வகுப்புக்கு வழக்கம்போல வரலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் சொல்லவில்லை. அரியர் என்கிற சொல்லை நாங்கள் நாள் முழுக்கப் பேசுகிறோம், ஆனால் அதற்கு அர்த்தம் சொன்னதில்லை. பட்டதாரி அண்ணன் ஒருவன் வீட்டில் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம். அவள் வீட்டில் அப்படி யாரும் இல்லாததால், ஒரு படிப்பே போகப் பார்த்தது.

கேட்டிருக்கலாமே என்று நான் அவளிடம் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "கேக்கலாம்னு தெரியாது மேம்."

இந்தத் திட்டத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. கூச்சம், பயம், தாழ்வு மனப்பான்மை என்று பிள்ளைகள் தலையில் ஏற்றி வைக்கிறோமே, அவற்றில் பெரும்பகுதி அவர்களிடம் இருப்பதல்ல. கல்லூரி தனக்குள்ளே வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத தகவல்கள்தான் அவை. இன்டர்னல், கண்டோனேஷன், போனஃபைடு, ரீவேல்யுவேஷன், எலெக்டிவ். ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. சாவி எங்கள் இடுப்பில் தொங்குகிறது.

அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் அரசுத் திட்டம் அங்கே 1960களிலேயே தொடங்கிவிட்டது. ஆன்டனி ஆபிரகாம் ஜாக் என்ற சமூகவியலாளர் 2019இல் எழுதிய 'தி பிரிவிலெஜ்டு பூர்' நூலில் ஒரு செய்தி வருகிறது. பேராசிரியர்கள் எல்லாரும் முதல் நாள் வகுப்பில் 'ஆபீஸ் ஹவர்ஸ்' எப்போது என்று சொல்வார்களாம். அது என்ன, எதற்கு என்று யாரும் சொல்வதில்லையாம். மாணவர் வந்து சந்தேகம் கேட்பதற்காக ஆசிரியர் ஒதுக்கும் நேரம் அது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாதாம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அங்கே ஒரு ஆபீஸ், இங்கே ஒரு ஆபீஸ். பேசுபவருக்கு ஓர் அர்த்தம், கேட்பவருக்கு வேறு அர்த்தம், நடுவில் ஒரு பிள்ளை.

ஆகவே இரண்டாம் ஆண்டில் ஸ்போக்கன் இங்கிலீஷை விட்டுவிட்டோம். சேர்ந்த முதல் வாரம், வகுப்பு நேரத்திலேயே, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கல்லூரிச் சொற்களை விளக்கினோம். விளக்கியவர்கள் ஆசிரியர்கள் அல்ல, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். அந்த ஏழாயிரம்பண்ணைப் பெண் மூன்றாம் ஆண்டு வந்தபோது 'அரியர்' வகுப்பை அவள்தான் எடுத்தாள். தன் கதையைச் சொல்லித்தான் தொடங்கினாள்.

அடுத்தது காலண்டர். சிவகாசிக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்! நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊர். ஆடிப்பெருக்கு அன்று அச்சகங்களில் பூஜை போட்டு அடுத்த வருடத்துக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். நாங்கள் அடித்தது பன்னிரண்டு தாள், ஜூனில் தொடங்கி மே மாதம் முடிகிற காலண்டர். பழைய மாணவர் ஒருவர் தன் அச்சகத்தில், தாள் செலவுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு நிறம். நீலத்தில் கல்லூரித் தேதிகள்: இன்டர்னல் தேர்வு, பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள், உதவித்தொகைக்குப் பதிய வேண்டிய நாள். சிவப்பில் ஊர்த் தேதிகள்: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி, சிவகாசி சித்திரைப் பொங்கல், தீபாவளி போனஸ், ஆபீஸ் அடைப்பு. இந்த இரண்டு நிறத்தையும் ஒரே தாளில் பார்த்த பிறகுதான் எங்களுக்கே பல விஷயம் விளங்கியது.

பட்டாசுக்கு வெயில் வேண்டும். மருந்து செலுத்தி, திரி வைத்து, வெயிலில் காயவைத்து எடுத்தால்தான் சரக்கு. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால்தான் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே தொடங்கியதற்கும், அது பின்னால் பட்டாசாக வளர்ந்ததற்கும் இந்தக் காய்ச்சல் வெயில் பெரிய துணை. ஆவணி, புரட்டாசியில் வேலை உச்சம். தீபாவளியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு மழை. வெயில் இல்லை, வேலை இல்லை, கூலியும் இல்லை. இப்போது நீல நிறத்தைப் பாருங்கள். புரட்டாசி உச்சத்தில்தான் வருகைப்பதிவு விழுகிறது, பிள்ளைகள் பட்டாசுக் கடைகளில் பில் போடவும் பார்சல் கட்டவும் போகிறார்கள். கை வெறுமையாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் வந்து நிற்கிறது. ஆண்டாண்டு காலமாக டிசம்பரில் பிள்ளைகள் நின்றுபோவதற்குக் காரணம் 'படிப்பில் ஆர்வமின்மை' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். காரணம் அந்தத் தாளில் சிவப்பும் நீலமுமாக இருந்தது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காற்று மாசு பற்றிய அந்தக் கவலை நியாயமானது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தால் எங்கள் வகுப்பில் எந்தெந்த பெஞ்ச் காலியாகும் என்று என்னால் சொல்ல முடியும்.

எனவே கல்லூரி நிர்வாகத்திடம் பேசினோம். கட்டணத்தை டிசம்பரில் ஒரே தடவையாக வாங்காமல், ஆவணி தொடங்கி மாதம் கொஞ்சமாக முன்கூட்டியே கட்ட வழி செய்யுங்கள். சம்பளம் ஓடுகிற காலத்தில் கட்டிவிடுவார்கள் என்றோம். ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆனது. ஒப்புக்கொண்டார்கள்.

அரசுப் பணம் வருவதும் ஒரு தனிக் கதை. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த 1000 ரூபாய் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன என்பதை நேரில் பார்த்தவள் நான். பஸ், பரீட்சைப் பணம், மாதவிடாய் நாப்கின், எப்போதாவது ஒரு பப்ஸ். அப்பாவிடம் கேட்காமல் ஒரு பெண் செலவு செய்கிற முதல் பணம் பல வீடுகளில் அதுதான். ஆனால் பணம் கணக்கில் ஏற வேண்டுமே. பள்ளியில் தந்த எமிஸ் எண் வேண்டும், யுமிஸ் என்ற அரசுத் தளத்தில் கல்லூரி பதிய வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். ஓடிபி வருகிற எண் ஆதாரில் யாருடையது? திருப்பூர் போன அண்ணனுடையது. அவன் வேலை நேரத்தில் எடுப்பதில்லை. இப்படி ஓர் எண்ணை மாற்றுவதற்காக ஒரு பெண் மூன்று நாள் வகுப்பை விட்டு அலைந்தாள். இதற்காகவே அலுவலக அறை ஒன்றை வாங்கி, வாரத்தில் இரண்டு மதியம் நாங்கள் உட்காருகிறோம். ஒரு மடிக்கணினி, ஒரு பிரின்டர், பொறுமை. திட்டத்தின் மிகப் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால் அந்த அறையைத்தான் காட்டுவேன்.

முதல் பட்டதாரி சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் பலர் அதைக் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் தருகிற சான்று. அதன் முக்கியப் பயன் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை. பி.காம். சேர வந்த பிள்ளையின் தகப்பனார் அதை நீட்டி, "இதுக்கு எம்புட்டுக் குறையும் டீச்சர்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல எனக்கு வாய் வராது. கலைக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறையும் முதல் தலைமுறைதானே.

இந்த இடைவெளிக்காக ஆசிரியர்கள் சிலர் மாதச் சம்பளத்தில் ஒரு தொகையை ஒதுக்குகிறோம். அதைப் பிடி அரிசி என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். விருதுநகரில் காமராசர் படித்த ஷத்திரிய வித்யாசாலா வீடுவீடாக வாங்கிய பிடி அரிசியில் நடந்த பள்ளி. சோறு வடிக்கும் வீடெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடும். அது பிள்ளைகள் படிப்பாக மாறும். மகமை என்று வியாபாரிகள் தந்த பங்கும் அப்படியே பள்ளியும் கல்லூரியுமாயிற்று. அந்தப் பள்ளியிலும் முழுக்கப் படிக்க முடியாமல், தகப்பனை இழந்து, மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போன பையன்தான் பின்னால் முதலமைச்சராகி மதிய உணவு போட்டார். எங்கள் பிடி அரிசியில் கடன் என்ற பேச்சே கிடையாது. வாங்கியவர் பெயர் ஆசிரியர் இருவருக்கு மட்டும் தெரியும்.

அம்மாக்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்று வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஒரு நாள் கூலி போகும். அதனால் கூட்டத்தை ஊருக்குக் கொண்டுபோனோம். ஞாயிறு சாயங்காலம், ஊர் மடத்தில் அல்லது கோயில் வாசலில். பாய் விரித்து உட்கார்ந்து, உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது, எத்தனை பரீட்சை, எப்போது வீட்டில் வேலை வாங்கக்கூடாது என்று காலண்டரை வைத்துச் சொல்வோம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அம்மாவுக்கும் நிறம் புரியும்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா பேசினார். எழுந்து நிற்காமல், தலையைக் குனிந்தபடியே, பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டு பேசினார்.

"எனக்கு எட்டு வயசுல டீச்சர், ராத்திரி மூணு மணிக்கு ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். எங்கம்மா தூக்கத்தோட தூக்கமா என்னையத் தூக்கி வண்டியில வச்சிரும். இன்னைக்கும் எனக்கு மூணு மணிக்கு முழிப்புத் தட்டிரும். அந்த நேரத்துக்குத்தான் இப்ப இவளப் படிக்க எழுப்பி விடுதேன்."

யாரும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எம்.சி. மேத்தா வழக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் வந்தது. அந்தக் குழந்தைகள் எங்கே போனார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். என் மாணவிகளின் அம்மாக்களாக, கோயில் வாசலில் பாய்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறை ஆபீஸ் வேனில் ஏறாமல் கல்லூரிப் பஸ்ஸில் ஏறியது சட்டத்தால் மட்டும் நடந்ததல்ல. இவர்கள் பிடிவாதமும் சேர்ந்துதான் நடந்தது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று பலமுறை யோசித்துத் தள்ளிப்போட்டது.

ஒரு ஆடி மாதத்துப் பகல். பதினொன்றரை மணி வகுப்பு. நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. தரையிலிருந்து எழும்புகிற மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. நான் திரும்புவதற்குள் வகுப்பு முழுக்க எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது. யாரும் கத்தவில்லை. எல்லாரும் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தார்கள். கிழக்கே என்று ஒருத்தி சொன்னாள். கிழக்கு ஊர்ப் பிள்ளைகள் மட்டும் பையைத் தேடினார்கள். மற்றவர்கள் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன் போட முடியாது. வெடியாபீஸுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அது பாதுகாப்பு விதி, நல்ல விதி. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் போன் வீட்டு அலமாரியில் அடித்துக்கொண்டே இருக்கும். 108 சத்தம் ரோட்டில் போகும். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஓர் ஊர்ப் பெயர் போடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தகவல் வரும். அன்றைக்கு எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருடைய அம்மாவுக்கோ ஆகியிருந்தது.

2012 செப்டம்பர் 5இல், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அன்று ஆசிரியர் தினம். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் அந்த நாளில் எனக்குப் பேனா கொடுக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. 2021, 2023, 2025 என்று அதன் பிறகும் நின்றபாடில்லை. 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகர் வந்தபோது, விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரைக்குமான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு முதல் தவணையாக 5 கோடி ரூபாயில் ஆட்சியர் பொறுப்பில் ஒரு நிதியம் என்றும் அறிவித்தார். அந்தப் பிள்ளைகள் எங்கள் கல்லூரிகளுக்குத்தான் வருவார்கள். அவர்களை எப்படி வரவேற்பது என்று நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு எங்கள் திட்டத்தில் சில விதிகள் வந்தன. படிவத்தில் இரண்டு எண் கேட்கிறோம்: அம்மா போகிற வேன் டிரைவரின் எண், ஆபீஸ் வாசலில் யாராவது எடுக்கக்கூடிய ஓர் எண். ஊர் வாரியாக அந்தப் பட்டியல் துறை அலுவலகத்தில் இருக்கும். சத்தம் கேட்டால் வகுப்பு நிற்கும், ஆசிரியர்களே அந்த எண்களுக்கு அழைப்பார்கள், தகவல் தெரியாமல் எந்தப் பிள்ளையும் தனியாகப் பஸ் ஏறக்கூடாது. அன்று வருகைப்பதிவு எடுப்பதில்லை. முதல் தலைமுறை மாணவர் ஆதரவு என்று உலகத்தில் எந்தக் கையேட்டை எடுத்தாலும் இந்த விதி இருக்காது. எங்கள் ஊருக்கு இது வேண்டும்.

பெண் பிள்ளைகள் இப்போது முன்பு மாதிரி டிசம்பரில் நிற்பதில்லை. எனக்கு இப்போது கவலை பையன்களைப் பற்றித்தான். பெண்ணைப் படிக்க வைத்தால் ஆபீஸுக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் ஒரு கனவு இருக்கிறது. பையனுக்கு அப்படி யாரும் கனவு காண்பதில்லை. அவன் சம்பாதிக்க வேண்டியவன். அப்பா ஆபீஸில் வாங்கிய அட்வான்ஸ் கழியாமல் நிற்கும்போது, பதினெட்டு முடிந்த மகன் வகுப்பில் உட்கார்ந்து வரலாறு படிப்பது அவனுக்கே குற்றமாகத் தெரிகிறது. அம்மாக்களோடு பேச எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. அப்பாக்களோடு இன்னும் கிடைக்கவில்லை. ஊர்க் கூட்டத்துக்கு அவர்கள் வருவார்கள், பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களும் சொல்லத் தெரியாமல் நிற்கிறவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் புரட்டாசி பிறந்ததிலிருந்து வரவில்லை. சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கடையில் நிற்கிறான். போன வாரம் போனில் பிடித்தேன். "மூணாவது செமஸ்டர் போனா போகட்டும் மேம், தீபாவளி முடியட்டும்" என்றான். தீபாவளி முடிந்த பத்தாவது நாள் பரீட்சை. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்ததற்குக் கண்டோனேஷன் கட்டியாயிற்று, பிடி அரிசியிலிருந்துதான். பரீட்சைப் பணமும் கட்டியாயிற்று. அவனிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அவன் அப்பாவும் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கடைப் பக்கம் வருவாராம். அவரோடும் நின்று பேச வேண்டும்.

நாளை சனிக்கிழமை. ஹால் டிக்கெட்டை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். சீசன் நேரம் என்பதால் கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும் என்றான்.